சுங்கை பூலோவில் வாங்கிய 8 ரிங்கிட் பெரணி: பத்து மாதங்களுக்குப் பிந்தைய மதிப்பீடு

கடந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருந்தபோது, சுங்கை பூலோ சாலையோரத்தில் வரிசையாக இருக்கும் நர்சரிகளுள் ஒன்றில் மூன்று சிறு பெரணிகளை வாங்கினேன். நான்கு அங்குலத் தொட்டியில் இருந்த பறவைக்கூட்டுப் பெரணியின் விலை 8 ரிங்கிட். அதே அளவுத் தொட்டியில், கருப்புக் கம்பி போன்ற காம்பும் குட்டி விசிறி போன்ற சிற்றிலைகளும் கொண்ட மெய்டன்ஹேர் பெரணி 15 ரிங்கிட். மூடியிட்ட கண்ணாடிக் குடுவைக்குள் பாசியும் கூழாங்கற்களும் பரப்பி நடப்பட்டிருந்த குட்டிப் பெரணி 48 ரிங்கிட். கோலாலம்பூர் செந்தூலில், ஒன்பதாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் இம்மூன்றையும் பத்து மாதங்கள் வளர்த்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வாங்கிய வாரத்தில் எழுதப்படும் மதிப்பீடு கடையைப் பற்றியதாக மட்டுமே இருக்க முடியும்; செடியைப் பற்றிச் சொல்ல ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் கடந்திருக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 8 ரிங்கிட் பெரணி வீட்டோடு ஒன்றி நன்றாக வளர்ந்திருக்கிறது. 15 ரிங்கிட் பெரணி இருமுறை பட்டுப்போய்த் துளிர்த்து, இப்போது குளியலறைச் சன்னலில் மட்டும் வாழ்கிறது. 48 ரிங்கிட் குடுவை கொடுத்த விலைக்குத் தகுதியானது அன்று. கடையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. அங்கே கண்ட குறைகளைப் பிற கடைகளிலும் கண்டிருக்கிறேன் என்பதால், எந்தச் செடியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை எழுதுவதே வாசிப்பவருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

சுங்கை பூலோவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இந்த வட்டாரம் செடிகளுக்குப் பெயர்பெற்றதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரக் கதை இருக்கிறது. 1930-இல் இங்கே தொழுநோயாளர்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று பின்னர் அழைக்கப்பட்ட அந்தக் குடியிருப்பில் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் வாழ்ந்தார்கள்; நோய் தீர்ந்த பிறகும் வெளியுலகம் ஏற்றுக்கொள்ளத் தயங்கிய பலர் அங்கேயே தங்கி, பூச்செடி வளர்த்து விற்பதைப் பிழைப்பாகக் கொண்டார்கள். இன்று கோலாலம்பூர்க்காரர்கள் வார இறுதியில் காரை நிறுத்தி, தொட்டி தொட்டியாக வாங்கிச் செல்லும் பழக்கத்துக்கு அவர்களுடைய கைகளும் ஒரு தொடக்கம். அங்கே போகும்போதெல்லாம் இந்த நினைவோடுதான் போகிறேன்.

நான் வாங்கிய கடையில் பெரணிகளுக்குத் தந்திருந்த இடம் சரியான இடம். கருப்பு நிழல்வலைக்குக் கீழே, தொங்கும் ஆர்க்கிட் தொட்டிகளுக்கு அடியில், தரையை ஒட்டிய பலகையில் அவை இருந்தன. மேலே ஊற்றும் நீர் சொட்டுச் சொட்டாக அவற்றின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பலகையைத் தாங்கிய பழைய செங்கற்களைக் குனிந்து பார்த்தபோது, அவற்றின் ஈரமான பக்கத்தில் விரல்நகத்தைவிடச் சிறிய, இதய வடிவத்துப் பச்சைத் தகடுகள் அப்பிக்கிடந்தன. பெரணி பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதை விடுவதும் இல்லை. இலையின் அடிப்பக்கத்திலிருந்து உதிரும் வித்துத்தூள் ஈரமான இடத்தில் விழுந்தால் முதலில் இந்தத் தகடாகத்தான் முளைக்கிறது. அதன்மேல் படிந்த நீரில் ஆண் அணுக்கள் நீந்திச் சென்று பெண் அணுவோடு சேர்ந்த பிறகே, நாம் அறிந்த சுருட்டை இலைப் பெரணி அதிலிருந்து எழுகிறது. இப்படி இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வருவதை ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1851-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். அந்தச் செங்கல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல்லில் பெரணி தானாக முளைக்கும் அளவுக்கு ஈரமும் நிழலும் உள்ள கடையில், தொட்டிப் பெரணியும் நலமாகவே இருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றிய கணக்கு, அந்தக் கணக்கு தவறவில்லை.

அங்கே வேலை செய்யும் தமிழ் அக்கா ஒருவர் நான் எடுத்த தொட்டியை வாங்கி, ஒரு கையால் தூக்கிப் பார்த்து, பிறகு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். முதல் தொட்டி அளவுக்கு மீறிக் கனமாக இருந்தது. அடியில் நீர் தேங்கி வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம் என்றார். விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பதைவிடத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது நல்ல சோதனை என்பதை இந்தப் பத்து மாதங்களில் நானும் உணர்ந்திருக்கிறேன். மேல்மண் காய்ந்தும் அடிமண் சேறாகவும் இருக்கும் தொட்டியை விரல் கண்டுபிடிக்காது, கை கண்டுபிடித்துவிடும்.

அக்காவின் அறிவு கடையின் பெயர்ச்சீட்டுகளில் இல்லை. எல்லாப் பெரணிகளிலும், பெரணியைக் குறிக்கும் ‘பாக்கு’ என்ற மலாய்ச் சொல்லும் விலையும் மட்டுமே எழுதியிருந்தார்கள். எந்த இனம், எவ்வளவு வெளிச்சம், மரத்தில் தொற்றி வளர்வதா தரையில் வளர்வதா என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மாலைகளிலும் பூங்கொத்துகளிலும் சேர்க்கப்படும் மெல்லிய ஊசியிலைச் செடியையும் அதே பலகையில், அதே சொல்லோடு வைத்திருந்தார்கள். அது பெரணியே அன்று. அஸ்பாரகஸ் இனத்தைச் சேர்ந்த, பூத்துக் காய்க்கும் செடி. இது வெறும் பெயர்ப் பிழை என்று விட்டுவிட முடியாது. பறவைக்கூட்டுப் பெரணியால் பூனைக்கோ நாய்க்கோ தீங்கில்லை. அஸ்பாரகஸ் செடியின் சிறு கனிகளைத் தின்றால் அவற்றுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும். பூனை வளர்க்கும் வீட்டார் அந்தச் சீட்டை நம்பி வாங்கினால் துன்பப்படுவார்கள். நான் சுட்டிக்காட்டியபோது தவுக்கே, அதாவது கடை முதலாளி, மறுக்காமல் கேட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி பறவைக்கூட்டுப் பெரணிக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் இந்த மதிப்பீட்டையே தொடங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா அதைப் பார்த்து, “மரத்துல தானா கெடக்குறதுக்கா எட்டு வெள்ளி குடுத்த?” என்று கேட்டார். கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த அவருக்குப் பெரணி கடைச்சரக்கு அன்று. பால்மரக் காட்டின் ஓடையோரத்தில் முளைக்கும் பெரணித் தளிரை, மலாய்க்காரர்கள் ‘பூச்சோக் பாக்கு’ என்பதை, ஒடித்துவந்து தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்த கையல்லவா அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், செம்பனையின் வெட்டப்பட்ட மட்டைக் காம்புகளுக்கிடையே பெரணிகள் தொங்கிக்கொண்டிருப்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். உண்மையில் தமிழர்களுக்குப் பெரணி புதிதே இல்லை. வயல் நீரில் நான்கு சிற்றிலைகளோடு மிதக்கும் ஆரைக்கீரை ஒரு பெரணிதான். கொல்லிமலையில் ஆட்டுக்கால் சாறுபோல் சூப்பு வைத்துக் குடிக்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டுதான். அம்மாவின் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குள்ளேயே இந்தச் செடியை வளர்க்கும் முறையும் இருந்தது. இது மரத்தில் கிடப்பது. மரக்கவட்டில் அமர்ந்து வாழும் ஒரு செடிக்கு நம் வீட்டில் எது கவட்டு என்று தேடுவதே வளர்ப்பவரின் வேலை.

காட்டில் இதன் இலைகள் அகன்ற கிண்ணம்போல் வட்டமாக எழுந்து நிற்கின்றன. மேலிருந்து உதிரும் சருகுகள் அந்தக் கிண்ணத்தில் விழுந்து மட்கி, செடி தனக்கு வேண்டிய மண்ணை நிலத்தின் உதவியில்லாமல் தானே சேர்த்துக்கொள்கிறது. சபாவின் டானும் பள்ளத்தாக்குக் காட்டில் நடந்து, 2004-இல் வெளிவந்த ஆய்வொன்று, மர உச்சிகளில் இருக்கும் இந்தப் பெரணிகளுக்குள் வாழும் சிற்றுயிர்களைக் கணக்கில் சேர்த்தால், காட்டு விதானத்தின் முதுகெலும்பில்லா உயிர்களின் மொத்த எடை பற்றிய மதிப்பீடு ஏறத்தாழ இரு மடங்காகும் என்று காட்டியது. மலாய் மக்களின் பழைய நம்பிக்கையில், பேற்றின்போது இறந்த பெண்ணின் ஆவியான லங்சுயிர் இந்தச் செடியில்தான் அமர்கிறது. அதனால் இதற்குப் ‘பாக்கு லங்சுயார்’ என்றும் பெயர் உண்டு. உயிர்களும் கதைகளும் குடியிருந்த ஒரு செடியின் குஞ்சு நான்கு அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில் நம் மேசைக்கு வந்திருக்கிறது என்பதை எண்ணும்போது, 8 ரிங்கிட் மிகக் குறைந்த விலையாகவே தெரிகிறது.

சருகு மண்ணில் வாழப் பழகிய வேர் காற்றைத் தேடும். கடையில் இதை நார்த்தூளில் மட்டுமே நட்டிருந்தார்கள். நார்த்தூள் நீரைப் பிடித்துக்கொண்டு விடாது. திறந்த நர்சரியில் காற்றும் வெயிலும் அதைச் சரிசெய்துவிடும், வீட்டுக்குள் சரிசெய்ய எதுவும் இல்லை. வாங்கிய மூன்றாம் வாரத்தில் அடியிலைகள் இரண்டு மஞ்சளாகிக் குழைந்தன. செடியை மெல்ல எடுத்து, நார்த்தூளில் பாதியை உதிர்த்துவிட்டு, உடைத்த கரித்துண்டும் கருக்கிய உமியும் சிறிது இலைமட்கும் கலந்து அதே அளவுத் தொட்டியில் மீண்டும் நட்டேன். பெரிய தொட்டிக்கு மாற்றவில்லை. வேர் எட்டாத மண்ணில் நீர் நின்று புளித்துப்போகும். கரியும் உமியும் அதே கடையில் பையொன்று 3 ரிங்கிட்டுக்குக் கிடைத்தன. அதன்பின் மஞ்சள் நிற்கவே, மாதம் ஒன்று அல்லது இரண்டு புதிய இலைகள் நடுவிலிருந்து சுருள் பிரிந்து வரத் தொடங்கின. வாங்கியபோது ஒன்பது இலைகள் இருந்தன, நீளமானது 14 சென்டிமீட்டர். இன்று பதினேழு இலைகள். நீளமானது 31 சென்டிமீட்டர்.

இடம் முக்கியம். எங்கள் வீட்டின் கூடம் கிழக்கு நோக்கியது. சன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, காலை வெயில் மெல்லிய திரையில் வடிந்து வரும் இடத்தில் செடி நிற்கிறது. அங்கே பகலில் நாளிதழை விளக்கில்லாமல் வாசிக்க முடிகிறது. அந்த அளவு வெளிச்சம் போதுமானது. முதலில் அழகுக்காகப் படுக்கையறை அலமாரியில் வைத்திருந்தேன். சிறிய ஈரமானி ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தபோது, கூடத்தில் காலையில் 80 விழுக்காட்டைத் தொடும் காற்றின் ஈரம், இரவில் குளிரூட்டி மூன்று மணி நேரம் ஓடிய படுக்கையறையில் 55-க்கு இறங்கியிருந்தது. வெளியே 32, 33 பாகை வெயிலையும் தாங்கும் இந்தச் செடிக்கு நம் ஊர் வெப்பம் பகையன்று. நாம் கூலி கொடுத்து உள்ளே கொண்டுவந்த வறண்ட குளிர்க்காற்றுதான் பகை. இலைநுனிகள் பழுப்பாவது பெரும்பாலும் அதனால்தான். அலுவலக மேசைக்கு இதை வாங்க நினைப்பவர்கள் குளிரூட்டியின் வாய் நேராக மேசையை நோக்கியிருந்தால் வாங்க வேண்டாம்.

நீர் ஊற்றுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காட்டில் மழை நேராகக் கிண்ணத்தின் நடுவில்தான் விழுகிறது. ஆனால் அங்கே உடனே காற்று வந்து உலர்த்துகிறது. காற்றோட்டம் குறைந்த அறையில் நடுவில் நீர் நின்றால், சுருண்டிருக்கும் இளம் இலைகளின் அடி கருகி அழுகிவிடும். ஆகவே தொட்டியின் விளிம்பைச் சுற்றி மட்டும், தொட்டி எடை குறைந்த நாளில், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுகிறேன். எங்கள் வீட்டில் இது வாரத்துக்கு இருமுறை. குழாய்நீரில் குளோரின் கலந்திருப்பதால் முந்தின இரவே வாளியில் பிடித்துத் திறந்து வைக்கிறேன்; மழை பெய்யும் மாலைகளில் பால்கனியில் வாளி வைத்தால் இன்னும் நல்லது. உரம், புட்டியில் சொன்ன அளவில் பாதி, மாதம் ஒருமுறை. அதற்குமேல் கொடுத்தால் இலைவிளிம்பு கருகும்.

அடித்தட்டில் நீர் நிற்க விடாதீர்கள் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை, அதை ஒவ்வொரு கடையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட்டு, கூட்டுப்புழுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். மாடி வீட்டுத் தட்டும் அதற்குக் குளம்தான். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975-இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் நம் நாட்டில் தண்டம் கட்ட வேண்டும். நான் தட்டில் கூழாங்கற்கள் பரப்பி, வடிந்த நீரை அன்றே கொட்டிவிடுகிறேன். பறவைக்கூட்டின் நடுக்கிண்ணத்தையும் வாரம் ஒருமுறை விளக்கடித்துப் பார்க்கிறேன். வளர்ந்த செடியில் அங்கும் நீர் தங்கும்.

மெய்டன்ஹேர் பெரணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அழகில் அதற்கு நிகரில்லை. அதன் அறிவியல் பெயரான அடியாண்டம் என்பதற்கு ‘நனையாதது’ என்று கிரேக்கத்தில் பொருள்; இலைமேல் விழுந்த நீர் முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்தால் பெயர் வைத்தவரின் கண்ணை வியக்கத் தோன்றும். ஆனால் கடைகளில் பரவலாக விற்கப்படும் வகை தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது, இலைகள் மிக மெல்லியவை. ஒருநாள் நீர் தவறினால் மொறமொறவென்று காய்ந்துவிடும். காய்ந்த இலை மீண்டும் பசுமையாவதில்லை. பினாங்கில் அத்தை வீட்டுத் திருமணத்துக்குப் போய் மூன்று நாட்கள் கழித்துத் திரும்பியபோது, தொட்டியில் வைக்கோல்தான் இருந்தது. அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். எல்லாக் காம்புகளையும் மண்ணை ஒட்டி வெட்டிவிட்டு, தொட்டியை ஈரமாக வைத்துக் காத்திருக்கச் சொன்னார். பதினெட்டாம் நாளில் நகத்தளவுச் சுருள்கள் எழுந்தன. இரண்டாம் முறை குளிரூட்டி அறையில் காய்ந்து, அதே வழியில் மீண்டது. வெளிச்சம் வரும் சன்னலோடு குளியலறை உள்ளவர்கள், வீட்டில் எப்போதும் ஒருவராவது இருப்பவர்கள், 15 ரிங்கிட் தாராளமாகக் கொடுக்கலாம். மற்றவர்கள் அதைக் கடையிலேயே பார்த்து மகிழ்ந்துவிட்டு வருவது நல்லது.

கண்ணாடிக் குடுவையைத்தான் நான் மிகுந்த ஆசையோடு வாங்கினேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. லண்டனில் மருத்துவராக இருந்த நத்தானியல் வார்டு, 1829-இல் ஒரு விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடிவைத்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்த அவர், மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைப்பதைக் கண்டார். அவருடைய தோட்டத்தில் லண்டனின் கரிப்புகையில் பட்டுப்போன பெரணிகள், மூடிய கண்ணாடிக்குள் தளிர்த்து நின்றன. பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து, இரவில் மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. அந்தக் கண்டுபிடிப்பே கப்பலில் செடிகளை உயிரோடு கொண்டுசெல்லும் கண்ணாடிப் பேழையாயிற்று. 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தபோது, கன்றுகள் இலங்கைக்குப் பயணப்பட்டது அத்தகைய பேழைகளில்தான். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலா கங்சாரில் நடப்பட்டன. அந்தக் கன்றுகளின் வழித்தோன்றல்களில் பால் வெட்டத்தான் நம் முன்னோர் ஆயிரமாயிரமாகக் கப்பலேறினார்கள். ஒரு புட்டிக்குள் முளைத்த பெரணிக்கும் கோலா சிலாங்கூர்த் தோட்டத்தில் அம்மா பிறந்ததற்கும் இடையே இப்படி ஒரு கொடி ஓடுகிறது. அந்தக் குடுவையைக் கையில் எடுத்தபோது என் மனத்தில் இருந்தது இதுதான்.

இந்த உணர்வுக்குத் தகுந்த பொருளைக் கடை செய்து வைத்திருக்கவில்லை. முதலாவது, மேலே பரப்பிய கற்களை ஒட்டுப்பசையால் இறுக்கியிருந்தார்கள். செடிக்கு நீர் தேவையா என்று பார்க்கவோ, அழுகிய இலையை எடுக்கவோ வழியில்லை. இரண்டாவது, அடியில் வடிகால் அடுக்கு இல்லாமல் நேரடியாக நார்த்தூளைக் கொட்டியிருந்தார்கள். குடுவைக்கு ஓட்டை இல்லாதபோது அடியில் ஓர் அங்குலம் கரியும் கல்லும் இருந்தே தீர வேண்டும். மூன்றாவது, ‘தண்ணீரே ஊற்ற வேண்டாம், எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்’ என்று விற்பனை செய்த இளைஞர் சொன்னது பாதிதான் உண்மை. வார்டின் லண்டன் வெயில் வேறு, செந்தூல் வெயில் வேறு. சன்னலோரத்தில் இரண்டு மணி நேரக் காலை வெயில் பட்டதும் கண்ணாடி தொட முடியாதபடி சுட்டது, உள்ளே இருந்த செடியின் பாதி ஒரே நாளில் வெந்துபோயிற்று. மூடிய கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், வெப்பத்தை வெளியே விடாது. நம் ஊரில் அதை நேர்வெயில் ஒருபோதும் படாத இடத்தில் மட்டுமே வைக்கலாம். பசையை உடைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கரி அடுக்கோடு நானே மீண்டும் அடுக்கிய பிறகு மிச்சமிருந்த செடி இப்போது நலமாக இருக்கிறது. அந்த வேலைக்கு ஒரு ஞாயிறு பிற்பகலும், பழைய ஊறுகாய்ப் புட்டியும், 10 ரிங்கிட்டுக்கும் குறைவான பொருள்களுமே ஆயின. குடுவைப் பெரணி வேண்டுபவர்கள் 8 ரிங்கிட் செடியை வாங்கி வீட்டில் தாங்களே அடுக்கிக்கொள்வது மேல் என்று அதனால்தான் சொல்கிறேன்.

இதே கடையில் சென்ற ஆண்டுகளில் வாங்கிய பெரிய பறவைக்கூட்டுப் பெரணி ஒன்று கிள்ளானில் தங்கை வீட்டு வாசலில் இருக்கிறது. பங்குனியில் ஒருநாள் அவள் பதறிப்போய் அழைத்தாள். இலைக்கு அடியில் பழுப்பு நிறப் பூச்சி வரிவரியாகப் பிடித்திருக்கிறது என்றும், பாதியைச் சவர்க்கார நீரால் துடைத்துவிட்டதாகவும், மீதிக்கு மருந்தடிக்கப் போவதாகவும் சொன்னாள். படம் அனுப்பச் சொன்னேன். நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்ந்த கோடுகளாக, அளந்து போட்டதுபோல் ஒரே இடைவெளியில் அவை இருந்தன. அவை பூச்சிகள் அல்ல. செடி முதிர்ந்ததற்கு அடையாளமான வித்துக்கோடுகள். செதில்பூச்சி ஒழுங்கில்லாமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக, காம்பிலும் நரம்பிலும் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் தனியே பெயர்ந்து வரும். எண்ணெய் கலந்த பூச்சிமருந்துகள் பெரணி இலையைப் பூச்சியைவிட விரைவாகக் கெடுத்துவிடும். பெரணி விற்கும் எல்லாக் கடைகளும் இந்த ஒரு செய்தியைப் படத்தோடு அச்சிட்டு ஒவ்வொரு தொட்டியோடும் கொடுத்தால், எத்தனையோ நல்ல செடிகள் பிழைக்கும். பிழையில்லாத ஒன்றுக்காக மருந்தடித்துக் கொல்லப்படும் செடிகளை நினைத்தால் எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

விலையைப் பற்றி ஒரு சொல். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் இதே அளவு பறவைக்கூட்டுப் பெரணியை 12 ரிங்கிட்டுக்கும், பங்சாரில் பீங்கான் தொட்டியோடு 45 ரிங்கிட்டுக்கும் பார்த்திருக்கிறேன். அந்தப் பீங்கான் தொட்டியில் அடித்துளை இல்லை. காசு மிச்சம் என்று சாக்கடைச் சுவரிலும் பழைய மதிலிலும் முளைத்திருக்கும் பெரணியைப் பிடுங்கி வரவும் வேண்டாம். அப்படி நம் ஊர்ச் சுவர்களில் முளைக்கும் பெரணிகளுள் ஒன்று மண்ணிலுள்ள ஆர்செனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்துவைப்பது என்று 2001-இல் கண்டறியப்பட்டது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது ஏற்றதன்று. காட்டிலிருந்து பெயர்த்து எடுப்பது அதைவிடத் தவறு.

போன மாதம் தங்கையின் புது வீட்டுக்காக இன்னும் இரண்டு பறவைக்கூட்டுப் பெரணிகள் வாங்க மறுபடியும் போயிருந்தேன். விலை அதே 8 ரிங்கிட். அஸ்பாரகஸ் செடிகளை வேறு பலகைக்கு மாற்றியிருந்தார்கள். பெரணிச் சீட்டுகளில் இன்னும் ஒரு சொல்தான் இருக்கிறது. குடுவைகளில் கற்கள் இப்போது ஒட்டப்படாமல் தளர்வாக இருந்தன, ஆனால் வடிகால் அடுக்கைக் காணவில்லை. சனி, ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். வார நாளில் காலை பத்து மணிக்கு முன் போனால் நீர் ஊற்றும் நேரம், செடிகளின் உண்மையான நிலை தெரியும், அக்காவுக்கும் பேச நேரம் இருக்கும். அன்றும் அவர் நான் எடுத்த இரண்டு தொட்டிகளையும் கையில் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்றை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்து, “இதுக்கு இன்னைக்குத் தண்ணி வேணாம், நாளைக்குக் காலையில ஊத்தச் சொல்லுங்க” என்றார்.